எஸ்டேட்டை மூடினால் வால்பாறை காடாகிவிடுமா?

கேள்வி (ஒரு வாசகர்), 9 நவம்பர் 2025

போன வாரம் வால்பாறை போய் வந்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. இதைச் சுற்றித்தான் புலிகள் காப்பகம் என்கிறார்கள். உள்ளூர் மக்களோடு சேர்ந்து பாதுகாக்கிறோம் என்று எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எஸ்டேட்டுகளை மூடி ஆட்களைக் கீழே இறக்கிவிட்டால் காடு தானாக வளர்ந்துவிடாதா? மனிதர்களை வைத்துக்கொண்டே மலையைக் காப்பாற்றிய ஓர் இடத்தைக் காட்டுங்கள், பார்ப்போம்.

10 நவம்பர், இரவு

அந்தத் தேயிலைக்கு நடுவில் ஒரு லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறேன், அண்ணன் குடும்பம் இன்னும் மேலேதான். அதனால் "கீழே இறக்கிவிட்டால்" என்பதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

காடு தானாக வளருமா என்பதற்கு மட்டும் இப்போது பதில். வளராது, அல்லது நீங்கள் நினைக்கிற காடு வளராது. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை என்ன ஆகும் தெரியுமா? மரமாகிவிடும். இடுப்பளவு நாம் பார்க்கிற செடி எல்லாம் வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்த மரம்தானே. பத்து இருபது வருடம் கேட்பாரற்றுக் கிடந்த தோட்டத்துக்குள் போனால் தேயிலை தலைக்கு மேல் நிற்கும், அதற்கிடையில் உண்ணிச்செடி முள்ளோடு பின்னிக் கிடக்கும், மேலே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. இருவாச்சிப் பறவைக்கோ சிங்கவால் குரங்குக்கோ அதில் தின்ன ஒரு பழம் கிடையாது. பக்கத்தில் பெரிய காடு இருந்தால் பறவையும் மரநாயும் விதை கொண்டு வந்து போடும், கொஞ்சம் தேறும். நாலா பக்கமும் தேயிலையாக இருக்கிற துண்டுச் சோலைக்கு யார் விதை கொண்டு வருவார்கள்?

11 நவம்பர்

"துண்டுச் சோலை என்றால்?" என்று கேட்டிருக்கிறார்கள். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களில் மார்ஷ், லோம் போன்ற துரைமார் வந்து காட்டை அழித்துக் காப்பியும் பின்னால் தேயிலையும் போட்டார்கள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி ஆழியாறு அணையைப் படம் எடுத்திருப்பீர்களே, அந்த இடத்துக்கு இன்னும் அந்த லோம் பெயர்தான். அழிக்கும்போது பாறையாக இருந்த இடம், ஓடை ஓரம், விறகுக்கும் ஏலத்துக்கும் விட்டு வைத்த இடம் என்று அங்கங்கே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியது. இவையெல்லாம் எஸ்டேட் நிலத்துக்குள் இருக்கின்றன. மேட்டைச் சுற்றி நம் பக்கம் ஆனைமலை, கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால். வட்டத்துக்கு நடுவில் ஓட்டை மாதிரி எஸ்டேட்டுகள்.

ஆனைமலை 1976இல் சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். காப்பகத்தின் எல்லைக் கோடு எஸ்டேட் வேலியோடு நின்றுவிடுகிறது. யானை நிற்கவில்லை. அதற்கு இது பக்கத்துக் காட்டுக்குப் போகும் வழி. ஆகவே காப்பகத்தை மட்டும் நன்றாக நிர்வகித்தால் போதாது, நடுவில் இருக்கிற கம்பெனிகளோடும் அதில் வேலை செய்கிறவர்களோடும் பேசித்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் வந்த கூட்டு இது.

11 நவம்பர், கொஞ்சம் கழித்து

அந்தத் துண்டுச் சோலைகளில் மரம் நட்ட கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை (என்.சி.எஃப்.) 2000ஐ ஒட்டி வால்பாறையில் மழைக்காடு மீட்பை ஆரம்பித்தது. திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் இருவரும்தான் அதற்கு முதுகெலும்பு. பாரி அக்ரோ, டாடா காபி, புதுத்தோட்டம் எஸ்டேட் போன்றவை தங்கள் நிலத்திலிருந்த துண்டுச் சோலைகளை விட்டுக்கொடுத்தன. விற்கவில்லை, எழுதிக்கொடுக்கவில்லை, "இதில் தேயிலை போட மாட்டோம், நீங்கள் வேலை செய்யுங்கள்" என்ற ஒப்புதல். சாலையோரம் விழுந்து கிடக்கிற விதைகளைப் பொறுக்கி நாற்றுவிட்டு, உண்ணிச்செடியை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்து, இடையில் தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றை மிதிக்காமல் விட்டு, மழை பிடித்ததும் நடவு. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், பாலி என்று நூறு வகைக்கு மேல். நட்ட இடத்தையும் சும்மா விட்ட இடத்தையும் பின்னால் ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். நட்ட இடத்தில் மர வகையும் கூட, மரத்தில் சேர்ந்த கார்பனும் கூட. பெரிய காட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்த வித்தியாசம் அதிகமாகிறது. கேள்வி கேட்டவர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

களை எடுத்ததும் குழி போட்டதும் உள்ளூர் ஆட்கள். அவர்களில் சிலர் இன்று விதையைப் பார்த்தே மரத்தின் பெயர் சொல்வார்கள், லத்தீன் பெயரோடு. எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியாருக்கு அது தெரியாது.

14 நவம்பர்

யானைக்கு வருவோம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சு தோட்டக்கலைப் பாடமாகிவிடும்.

1990களின் நடுவிலிருந்து அடுத்த இருபது வருடத்துக்குள் மேட்டில் நாற்பது பேர் வரை யானையால் செத்திருக்கிறார்கள். யானை தேடி வந்து கொன்றது அதில் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்தவை: பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும், வீட்டுக்குத் தேயிலை நடுவே ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடை, இருட்டு, மூடுபனி, தலையில் முக்காடு, கையில் கடையில் வாங்கிய பை. திருப்பத்தில் யானை நிற்கும். பக்கத்தில் யானை இருப்பது தெரியாமலே போய் முட்டிக்கொண்டவர்கள்தான் ஏறக்குறைய எல்லாரும்.

ஆனந்த குமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் யானை போகிற பாதையை வருடக்கணக்கில் குறித்தார்கள். பகலில் நடுஆறு, சோலையாறு ஓரத்து மரங்களிலும் சதுப்பிலும் துண்டுச் சோலையிலும் நிற்கும், இருட்டியதும் தேயிலையைக் கடக்கும். அப்படியானால் இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்பதை மாலைக்குள் எல்லாருக்கும் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடும் எழுத்தாகப் போட்டார்கள். 2011 முதல் போனுக்கு எஸ்.எம்.எஸ். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் பேசி அழைப்பு. அப்புறம் சிவப்பு விளக்கு. இதற்காக 2015இல் அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு டிவி எழுத்து வாசிக்க வராது. சீரியல் நடுவில் அது ஓடினால், "என்னடா போட்டிருக்கான்?" என்று யாராவது வாசிக்கிற வரை சத்தம் போடுவாள். நாயகி அழுதுகொண்டிருப்பாள், அவள் காலடியில் உருளிக்கல் பக்கம் ஐந்து யானை என்று ஓடும்.

15 நவம்பர்

சிவப்பு விளக்கு பற்றிக் கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். மேட்டில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில், கண்ணில் படுகிற உயரத்தில் கம்பம் நட்டு வைத்தது. உள்ளே ஒரு சிம் கார்டு. பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் எரிய ஆரம்பிக்கும், திரும்பக் கூப்பிட்டால் அணையும். எரிகிறது என்றால் சுற்றுவட்டாரத்தில் யானை. இரவில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிட்டு, இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போய் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வந்தவர்கள் உண்டு.

கூப்பிடும் பொறுப்பு எஸ்டேட் ஆட்களிடம் இருக்கிறது. வாட்சர், டிரைவர், சில இடத்தில் பெட்டிக்கடைக்காரர். இளவட்டங்கள் விளையாட்டுக்குப் போட்டுவிடுவார்கள் என்று ஆரம்பத்தில் எல்லாரும் பயந்தார்கள், அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. வீட்டில் ஒருவர் இரவு ஷிப்டு போகிறார் என்றால் யார் விளையாடுவார்கள்?

எனக்கு இதில் பிடித்தது, சாவு குறைந்ததைத் தவிர, கூப்பிடுகிறவர் யார் என்பதுதான். முன்னெல்லாம் யானை வந்தால் துரைக்கு, அதாவது எஸ்டேட் மேனேஜருக்குச் சொல்லி, துரை வனத்துறை ரேஞ்சுக்குச் சொல்லி, ரேஞ்சிலிருந்து ஆள் பட்டாசோடு வந்து, யானை அதற்குள் சத்துணவுக் கூடத்துச் சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டு முடித்திருக்கும். இப்போது முதல் செய்தி தேயிலைக்குள்ளிருந்தே கிளம்புகிறது.

19 நவம்பர்

ஒருவர் எழுதுகிறார்: "எல்லாம் சரி, இது என்.ஜி.ஓ. விளம்பரம் போல இருக்கிறது." இருக்கட்டும். நான் அவர்களிடம் சம்பளம் வாங்கவில்லை. குறையையும் சொல்கிறேன்.

கூட்டு என்றால் யார் யார்? கம்பெனி ஒன்று, வனத்துறை ஒன்று, ஆராய்ச்சியாளர்கள் ஒன்று. கூட்டம் போட்டால் மேசையில் இந்த மூன்று பேரும் இருப்பார்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குச் செய்தி வரும், மேசைக்கு அழைப்பு வராது. அதனால் அவர்களே கேட்டிருக்கக்கூடிய சாதாரண விஷயங்கள் பிந்திப் போகின்றன. லைனுக்குப் பக்கத்தில் புதரை வெட்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் பல்பு போடு, கறிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டாதே, பஸ்ஸை லைன் வரை விடு. இவற்றுக்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லாம் துரையைப் பொறுத்தது. நான் வளர்ந்த எஸ்டேட்டில் (பெயர் வேண்டாம்) ஒரு துரை சதுப்பை ஒட்டி ஐந்து வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுத்தார், யானை அந்த வழியாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் மாற்றலாகிப் போனதும் வந்தவர் அதே இடத்தில் மின்வேலி போட்டார். யானை சுற்றிக்கொண்டு லைன் பக்கமாக வந்தது. அண்ணன் வீட்டு வாழை போனது அந்த வருடம்தான். ஒப்பந்தம் காகிதத்தில் இல்லாமல் ஒரு மனிதரின் நல்ல மனசில் இருந்தால் இப்படித்தான்.

19 நவம்பர், மறுபடியும்

மின்வேலி போட்டவர் கெட்டவர் என்று தொனிக்கிறது. அப்படி இல்லை. அவருக்கு மேலிடத்திலிருந்து மகசூல் கணக்குக் கேட்பார்கள், ஐந்து வரிசை என்பது கணக்கில் விழும் இடம். தேயிலை விலை படுத்துக் கிடக்கும்போது ஓடையோரத்தைச் சும்மா விடு என்று கம்பெனியிடம் கேட்பது கஷ்டம். சும்மா விட்டதற்கு ஏதாவது கிடைக்க வேண்டும்: காட்டுக்கு இணக்கமான தேயிலை என்று முத்திரை, அதனால் கூடுதல் விலை, அல்லது அரசு வரிச் சலுகை. முத்திரை சில எஸ்டேட்டுகளில் வந்தது. கூடுதல் விலை கொழுந்து பறித்தவள் கைக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

26 நவம்பர்

மனிதர்களை வைத்துக் காப்பாற்றிய இடம் என்று கேட்டீர்களே, வால்பாறையை விட இன்னும் தைரியமான உதாரணம் கம்பத்துக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தேக்கடி. பெரியார் புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கப் பட்டையை (அங்கே வயணா என்பார்கள்) உரித்துக் கடத்தியவர்கள் மேல் ஏகப்பட்ட வழக்கு. 1990களின் பிற்பாதியில், உலக வங்கிப் பணத்தோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்த காலத்தில், வனத்துறை அவர்களிடம் பேசியது. கடத்தலை விடு, உனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் காட்டு, வழக்கை முடிக்கப் பார்க்கிறோம், சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகிற வேலை உனக்கு. அவர்களை வைத்தே ஒரு குழு அமைந்தது. எந்தப் பாதையில் எவன் வருவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வசந்த சேனை என்று பெண்கள் குழு ஒன்று கூலி வாங்காமல் ரோந்து போனது.

திட்டம் 2004இல் முடிந்தது. வெளிப்பணம் நின்றதும் படுத்துவிடாமலிருக்க, அந்த வருடமே பெரியார் அறக்கட்டளை என்று ஒன்று ஆரம்பித்து, சுற்றுலாக் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும்படி செய்தார்கள். 2006இல் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று வந்தது. ஆகவே உதாரணம் இருக்கிறது, அது சட்டத்துக்குள்ளேயே ஏறியும் விட்டது.

27 நவம்பர்

தேக்கடி சுலபம், அங்கே படகும் சுற்றுலாப் பணமும் இருந்தது என்று ஒரு நண்பர் தனியாகச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். ஏரி இல்லாத, படகு இல்லாத மலைக்கு அதே கணக்கு ஓடாது. அதுவும் இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வால்பாறைக்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. வண்டியை எண்ணுவது நல்லதுதான். எண்ணிய பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்பதில்தான் விஷயம்.

3 டிசம்பர்

இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடித்தால் அநியாயம். எஸ்டேட் வந்தது நூற்றுச் சொச்சம் வருடம், அவர்கள் அதற்கு முன்பே அங்கே இருப்பவர்கள்.

மளுக்கப்பாறை சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்து வாழச்சால் காடு. முன்பு அங்கே இருவாச்சிக் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்த கைகளே 2000களின் நடுவிலிருந்து கூடுகளைக் காவல் காக்கின்றன. பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஆண்தான் வெளியிலிருந்து பழம் ஊட்டும். ஆணை அடித்தால் உள்ளே இருப்பவையும் போச்சு. எந்த மரத்தில் எந்த வருடம் கூடு என்று ஒரு காடர் மனசில் வைத்திருப்பதை வேறு எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது. 2014இல் வாழச்சாலின் ஒன்பது காடர் குடிகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை கொடுத்தார்கள். சுமார் 400 சதுர கிலோமீட்டர். தயவில் கிடைத்த காவல் வேலைக்கும் உரிமையோடு பார்க்கிற காவலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

இந்தப் பக்கம்? 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடி காடர்களின் குடிசைகள் மண்சரிவில் போயின. பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். புலிகள் காப்பகத்துக்குள் என்று இழுத்தது. எஸ்டேட் லைனில் ஒதுங்க வைத்தார்கள். காட்டில் இருந்தவரை லைன் வீட்டில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று லைன் வீட்டில் பிறந்த எனக்கே புரிகிறது. 2021இல் போராட்டம் நடத்தி, அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் பட்டா கிடைத்தது. காட்டுக்குள் வாழத் தெரிந்த சில குடும்பங்கள் சில சென்ட் நிலத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தன. இந்த மலையில் கூட்டு என்று பேசுகிறவர்கள் எல்லாரும் அவர்களிடமிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

3 டிசம்பர், இரவு

"அப்படியானால் எஸ்டேட் தொழிலாளியும் வெளியாள்தானே?" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. ஆமாம், எங்கள் தாத்தாவை எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி சமவெளியிலிருந்து கூட்டி வந்தார். மூன்று தலைமுறைக்குப் பிறகு கீழே எங்களுக்கு ஒரு திண்ணை கூடக் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். 1929இல் போட்ட 99 வருடக் குத்தகை முடிய சில வருடம் இருக்கும்போதே 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினார்கள். காட்டுக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தேயிலை மரமாகும்போது களை எடுக்க, தீ பிடித்தால் அணைக்க, அந்த இடம் தெரிந்த ஆள் யார் மிஞ்சியிருப்பார்? காப்பகத்தில் புதிதாக ஆளெடுப்பார்கள். அவர்களுக்கு ஓடை எங்கே திரும்புகிறது என்று கற்றுக்கொள்ளவே சில மழை ஆகும்.

18 டிசம்பர்

இப்போது மேட்டில் யானை அதிகம் நடமாடும் காலம். அண்ணன் போனில் தினமும் ஒன்றிரண்டு செய்தி. ஆனால் மேலே வேலை செய்கிறவர்களே மாறிவிட்டார்கள் என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் லைனில் பாதி வீட்டில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் குடும்பங்கள். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், நான் பொள்ளாச்சியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற மாதிரி. தமிழ்ச் செய்தியும் தமிழ் அழைப்பும் வந்தவர்களுக்கு எட்டாது. சில வருடங்களாகச் சிறுத்தை தூக்கிய குழந்தைகளில் அந்தக் குடும்பங்களின் குழந்தைகள் இருப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலை ஒட்டித் தேயிலை, வாசலில் விளக்கு இல்லை, அம்மா சமையலில். சிறுத்தை பதுங்க அந்தச் செடியின் உயரம் போதும்.

அண்ணி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். செய்தி வந்தால் பக்கத்து வீட்டு ஜார்க்கண்ட் பெண்ணின் கதவைத் தட்டி, "ஹாத்தி, ஹாத்தி" என்று கை நீட்டி எந்தப் பக்கம் என்று காட்டுகிறாள். சிறுத்தைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள், "தேந்துவா" என்று சொல்லிக்கொடுத்தேன். சாந்துவா பூந்துவா என்று இப்போது வீட்டில் பாட்டாகவே பாடுகிறார்கள்.

6 ஜனவரி 2026

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "மூட வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் யார் தலைமை?" என்கிறார். நல்ல கேள்வி. வனத்துறை என்று சொன்னால் எஸ்டேட் நிலத்தில் அவர்கள் அதிகாரம் குறைவு. கம்பெனி என்றால் மகசூல். ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருடம் இருந்தது வால்பாறையின் அதிர்ஷ்டம், எல்லா மலைக்கும் அது வாய்க்காது. என்னைக் கேட்டால் மேட்டுக்கென்று ஒரு குழு, அதில் நகராட்சி கட்டாயம், தொழிற்சங்கம் கட்டாயம், காடர், முதுவர், புலையர், எரவாளர், மலசர் குடிகளிலிருந்து ஆட்கள் கட்டாயம், கூட்டக் குறிப்பு தமிழில் மஸ்டரில் (தொழிலாளர் வருகைப் பதிவு எடுக்கும் இடம்) ஒட்ட வேண்டும். துரை மாறினாலும் ரேஞ்சர் மாறினாலும் அந்தக் காகிதம் மாறக் கூடாது. நகராட்சியை ஏன் சேர்க்கிறேன் என்றால் குப்பை. காட்டுப்பன்றிக்கும் அதன் பின்னால் வருகிற சிறுத்தைக்கும் சோறு போடுவது அதுதான்.

22 ஜனவரி

புதுத்தோட்டத்தில் குரங்குப் பாலம் பார்த்தேன், மேலே கட்டியிருப்பது என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடந்து அடிபடுகின்றன என்பதால் இருபக்க மரத்தையும் இணைத்துக் கட்டியது. கீழே வாட்சர் நின்று வண்டியை மெதுவாகப் போகச் சொல்வார். குரங்குக்கு பிஸ்கட் கொடுத்தீர்களென்றால் அது பாலத்தை விட்டுவிட்டு உங்கள் வண்டிக்குத்தான் வரும், அப்புறம் பாலம் எதற்கு? இந்த மாதங்களில் வெடிப்பலா பூக்கும், அது கொட்டிக் கிடக்கிற மரத்தடியில் தள்ளி நின்று பாருங்கள், போதும்.

4 பிப்ரவரி

மேலே தங்குமிடம் நடத்துகிற ஒருவர், சில்வர் ஓக்கை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், நிழல் போனால் நாற்று கருகும். இடையில் வையுங்கள், அவை எழுந்த பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள், வெட்ட அனுமதி வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கருங்குங்கிலியம் வேண்டும், இருவாச்சி அதற்கு வரும். பலா வேண்டாம், விருந்தாளிகள் தங்கும் இடத்துப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், பழுத்தால் யானை வந்து அறைக் கதவைத் தட்டும். கன்றுக்கு உள்ளூர் நாற்றுப்பண்ணையில் கேளுங்கள், ஜூன் மழைக்கு முன்பே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.